35 நாளில் திரில்லர் நாவல் சமைப்பது எப்படி?

தேவையானவை: செய்தி நிறுவன வேலை 1 (பிற்பாடு உதற), உள்நாட்டுப் போர் 1, தட்டச்சுப்பொறி 1, காலிப் பை 1.

செய்து காட்டியவர்: இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஃபோர்சைத் (1938–2025).

1. 1962-ல் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸ் போய்ச் சேருங்கள். அல்ஜீரியாவைக் கைவிட்டார் என்ற ஆத்திரத்தில் ஓ.ஏ.எஸ். என்ற ரகசியப் படை பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லத் துடிக்கும். அவர் பின்னாலேயே அலைந்து, இன்றைக்கும் சாகவில்லை என்று பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. காத்திருக்கும் நேரத்தில் மெய்க்காப்பாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அரட்டை வீண்போகாது.

2. கிழக்கு பெர்லினில் ஒரு தடவையாவது அசடு வழியுங்கள். நள்ளிரவில் நகரும் பீரங்கி வண்டிகளைப் பார்த்து ஃபோர்சைத் பரபரப்பாகச் செய்தி அனுப்பினார். அது மே தின அணிவகுப்பு ஒத்திகை. அவரே எழுதிவைத்த கதை இது.

3. 1967-ல் பிபிசிக்காகப் பயாஃப்ரா உள்நாட்டுப் போருக்குப் போங்கள். அலுவலகத்தோடு ஒத்துவராமல் வெளியேறி, சொந்தப் பொறுப்பில் திரும்பவும் அங்கேயே போங்கள். வேலையும் காசும் இல்லாமல் ஊர் திரும்பினால் பதம் சரி.

4. 1970 ஜனவரி. உட்கார்ந்து 35 நாள் தட்டுங்கள். டி கோலைக் கொல்ல வரும் கூலிக் கொலையாளியின் கதை. 'அவர்தான் உயிரோடு இருக்கிறாரே, முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்?' என்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பும். துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம் என்பது லண்டன்காரர்களுக்கு எப்படித் தெரியும்? கொல்வானா என்பதை விடுங்கள். எப்படி நெருங்குகிறான் என்று காட்டுங்கள். இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பாஸ்போர்ட் வாங்கும் வித்தையைச் செய்தி எழுதும் அதே உலர்ந்த குரலில் சொன்னால், படிப்பவர் நாவல் என்பதையே மறந்துவிடுவார். 1971-ல் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' வெளியாகும். 1973-ல் படமாகவும் வரும்.

5. பரிமாறும்போது: பின்னட்டையில் உங்கள் படம் வேண்டாம். பின்னாளில் வேறொரு நாவலுக்காகப் பொய்ப் பெயரில் ஹாம்பர்க் ஆயுத வியாபாரிகளிடம் துப்புத் திரட்டியவரை, புத்தகக் கடைக் கண்ணாடிக்குள் இருந்த அவருடைய படமே காட்டிக்கொடுத்தது. தலை தப்பியது ஓட்டத்தால்.

வேகும் நேரம்: 35 நாள். ஊறும் நேரம்: 8 ஆண்டு. அவசரக்காரர்கள் இரண்டாவதை விட்டுவிடலாம். புளிக்காத மாவிலும் தோசை ஊற்றலாம். கல்லை விட்டுத்தான் வராது.