சும்மா பார்க்கப் போகிறவர்

பாழாய்க் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி மறுபடி ஓட வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு பேராவது உண்டு. வயது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆபீஸ் போக ஒழுங்காக ஓடுகிற வண்டி ஒன்று வீட்டில் இருக்கும். அதற்கு ஆயில் மாற்றத்தான் மூன்று மாதமாக நேரம் கிடைத்திருக்காது. பழைய வண்டிகளைச் சேகரித்து ஷெட்டில் வரிசையாக நிறுத்தும் ஆசாமிகளோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்களிடம் பணம் இருக்கிறது. மெக்கானிக்குகளோடும் சேர்க்க முடியாது. அவர்களுக்குத் தொழில் தெரியும். இவரிடம் இருப்பதெல்லாம், கல்லூரி வாசலில் யாரோ ஒரு சீனியர் யெஸ்டியில் வந்து இறங்கியதைப் பார்த்த ஞாபகம் மட்டும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். துக்க வீட்டுக்குப் போனாலும் மாடிப்படிக்கு அடியில் என்ன நிற்கிறது என்று கண் போய்விடும். கோணிச் சாக்குக்குக் கீழே சைலன்சர் நுனி தெரிந்தால் போதும், அது எந்தக் கம்பெனி, எந்தக் காலத்து மாடல் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் தவறாமல் வந்து நிற்பார். வீட்டார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாப் பழைய வண்டியும் இவருக்கு ஆகாது. புல்லட் கதையே வேறு. 1955-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி இன்றைக்கும் புல்லட் செய்கிறது. ஆகவே சாமான் கிடைக்கும், அதற்கேற்ற விலையும் நிற்கும். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வைத்திருப்பவர்கள் அன்றைய பவுன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். போலந்து நாட்டு வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத்துக்காக ஏங்குகிறவர்கள் குறைவு. மிஞ்சுவது யெஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியைச் செய்யத் தொடங்கி, 1973-லிருந்து யெஸ்டி என்ற பெயரில் விற்று, 1996-ல் கதவைச் சாத்தியது. யெஸ்டிக்கும் இப்போது விலை ஏறித்தான் கிடக்கிறது. ஆனால் ஏறியது ஓடுகிற வண்டிக்கு. ஓடாதது இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது.

அந்த வண்டியிலும் ஒரு வசியம் இல்லாமல் இல்லை. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், சிலிண்டர் ஒன்றுதான். சைலன்சர் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்ளே அழுத்தித் தூக்கி நிறுத்தினால் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு முன்பக்கம் இறக்கினால் அதுவே கியர். ஓடும்போது கிளட்சைப் பிடிக்காமலேயே கியர் மாற்றலாம், லீவரை மிதிக்கும்போது கிளட்ச் தானே விடுபடும். இதையெல்லாம் தெரியாத இளைஞர் கூட்டத்துக்குச் செய்து காட்டுவதைப் பிறவிப் பயனாகக் கருதுபவர் இவர். செய்து காட்டச் சொந்தமாக ஒரு வண்டி இல்லை என்பதுதான் குறை.

‘சும்மா பார்த்துட்டு வரேன்’ என்று சொல்லித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். உண்மையில் முடிவு அதற்கு முந்தியே எடுத்தாயிற்று. பிறகு நடக்கும் பரிசோதனை, கணக்கு, கலந்தாலோசனை எல்லாம் தாலி கட்டியபின் ஜாதகம் பார்க்கிற கதை.

விற்பவர் தரப்பிலும் மாறாத பாடம் ஒன்று உண்டு. அது அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கும். “நல்லா ஓடிட்டு இருக்கும்போதே நிறுத்தினது சார். பிளக்கை மட்டும் மாத்தினீங்கன்னா ஸ்டார்ட் ஆயிடும்.” கோளாறாகி நின்ற பழைய வண்டி என்று ஒன்றை இதுவரை யாரும் விற்றதில்லை. எல்லாமே நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாள் நிறுத்தப்பட்டவை. “பேரீச்சம்பழக்காரன் கேட்டான், குடுக்க மனசு வரலை” என்ற வாக்கியம் தொடர்ந்து வரும். பழைய இரும்பு விலைக்கு மேலே எதிர்பார்க்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்தது பரிசோதனை. விவரம் தெரிந்தவர் முதலில் ஆர்சி புத்தகத்தைக் கேட்டு, அதிலுள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று துணியால் துடைத்துப் பார்ப்பார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் உள்ளே துரு எவ்வளவு என்று நோட்டம் விடுவார். ஸ்டியரிங் பக்கம் ஃப்ரேமில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவுவார். கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார். நம்மவர் ஹார்ன் பட்டனை அழுத்திப் பார்ப்பார். பேட்டரி இல்லாத வண்டியில் ஹார்ன் அடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டபின், டேங்கில் ஒட்டியிருக்கும் பேட்ஜை எச்சில் தொட்டுத் துடைப்பார். பேட்ஜ் பளிச்சென்று தெரியும். பரிசோதனை அத்தோடு முடிந்தது.

கிக்கரையும் அவர் தொடாமல் இல்லை. அது அசையவே இல்லை என்றால் ‘பிஸ்டன் கொஞ்சம் பிடிச்சிருக்கு, ஒண்ணுமில்லை, டீசல் ஊத்தி ரெண்டு நாள் விட்டா வந்துடும்’ என்பார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் ‘பாருங்க, எவ்வளவு ஃப்ரீயா இருக்கு!’ என்பார். ரிங் தேய்ந்து கம்ப்ரஷனே இல்லாத என்ஜின்தான் அப்படி இறங்கும். ஆக, வண்டி எந்த நிலையில் இருந்தாலும் அந்த நிலை வண்டிக்குச் சாதகமாகத்தான் முடியும்.

ஓடாமல் நின்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெரிய வில்லங்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதனால் அந்த அறையில் வெளிக்காற்று புகக் கூடாது. கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் வருஷக்கணக்கில் சும்மா இருந்தால் காய்ந்து விறைத்துவிடும். பிளக்கில் பொறி நன்றாக வரும், கார்புரேட்டர் சுத்தமாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காமல் இருமும், அல்லது உதைப்பவர் வேட்டி அவிழும்வரை மௌனம் காக்கும். சில ரூபாய் பெறுமான சீலை மாற்ற என்ஜினை இறக்கிப் பிளக்க வேண்டும். பிளந்தால் பேரிங் துரு தெரியும். பேரிங்கைக் கழற்றினால் கனெக்டிங் ராடில் ஆட்டம் தெரியும். மூடியே வைத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

கணக்கு எழுதுவது கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில். வண்டி விலை பத்தாயிரம் என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருப்பார். கீழே ரிங் பிஸ்டன், போரிங், டயர் இரண்டு, செயின் ஸ்பிராக்கெட், பெயின்ட். எல்லாவற்றுக்கும் எதிரே அவர் கல்லூரியில் படித்த காலத்து விலை. குரோம் பட்டியலில் இருக்காது. ரிம், ஹேண்டில்பார், இரண்டு சைலன்சர் எல்லாம் முலாம் பூசியவை என்பதும், துருப்பிடித்த சைலன்சரைப் பாலிஷ் போடத் தேய்த்தால் ஓட்டை விழும் என்பதும் பிறகுதான் தெரியவரும். கூலி என்ற தலைப்பே கிடையாது. கடைசி வரி ‘இதர’. அதற்கு ஐநூறு. கூட்டுத்தொகை எந்தப் பத்திரிகையிலும் எழுதப்பட்டதில்லை. அதை எழுதிப் பார்த்த ஒரு சிலர் இந்த வகையிலிருந்தே விலகிவிட்டார்கள்.

நியாயமாகக் கணக்குப் போடுகிறவர் தேய்மானத்தைவிட இல்லாமையைத்தான் எண்ண வேண்டும். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் 0.25 மில்லிமீட்டர் படிகளில் போர் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அளவு முடிந்துபோனால் ஸ்லீவ் அடிக்கலாம். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. காணாமல் போன டூல் பாக்ஸ் மூடிக்கும், ஹெட்லைட் வளையத்துக்கும், அசல் ஸ்பீடோமீட்டருக்கும் வழி இல்லை. முழுதாக நிற்கும் துருப்பிடித்த வண்டி, பாதி சாமான் போய்ப் பளபளக்கும் வண்டியைவிட எவ்வளவோ மேல். நம்மவர் வாங்க நினைப்பது பளபளக்கும் பாதியைத்தான்; மீதியைச் சென்னை புதுப்பேட்டையில் பிடித்துவிடலாம் என்று நம்புகிறார். அங்கே குவியல் குவியலாகக் கழற்றிய சாமான் கிடப்பது உண்மை. ஒரு மூடியைத் தேடிப் போனவர் ஒரு மட்கார்டு, ஒரு இண்டிகேட்டர், வேறு கம்பெனி வண்டியின் ஹேண்டில் ஆகியவற்றோடு திரும்புவதும் உண்மை.

மெக்கானிக்கைக் கேட்பது அடுத்த சடங்கு. இளைஞர்கள் இந்த என்ஜினைத் தொட மாட்டார்கள் என்பதால் ஒரு வயதான மிஸ்திரியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பீடியை எறிந்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொல்வார்: “ஓடும் தம்பி. ஆனா…” நம்மவர் காதில் முதல் இரண்டு சொற்கள்தான் விழும். ‘ஆனா’வுக்குப் பின்னால் வருபவை: சாமான் நீதான் வாங்கித் தர வேண்டும், எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது, முன்பணம் இன்றைக்கே.

காகித விஷயம் இன்னும் கடினம். மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாடிப்படி வண்டிக்கு இப்படிப் பல தவணை தவறியிருக்கும். ஆர்சியில் பெயர் உள்ளவர் காலமாகியிருப்பார். வாரிசுகள் மூவர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் துபாயில், இன்னொருவர் அண்ணனோடு பேசுவதில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், அதாவது வண்டி விலையைப் போல் இரண்டு மடங்கு. பதிந்தபின் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். யெஸ்டி பெயரில் வந்த முதல் வண்டிகளுக்கே 2023-ல்தான் 50 வயது நிறைந்தது. முடிவைத் தள்ளிப்போட இவருக்குக் கிடைத்த காரணங்களில் சட்டபூர்வமானது இது ஒன்றுதான்.

வீட்டில் பேச்சு எடுப்பது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின்.

“ஒரு வண்டி பார்த்தேன். சும்மா கிடக்கு, பத்தாயிரம்தான் கேக்குறாங்க.”

“ஓடுமா?”

“ஓட வைக்கலாம்.”

“எங்க நிறுத்துவீங்க?”

இந்தக் கேள்விக்குத் தயாராக வந்த கணவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே மாவு மிஷின், பையனின் சின்ன சைக்கிள், போன முறை ஆசைப்பட்டு வாங்கிய மீன் தொட்டி.

இதன்பின் இந்த வகை மூன்றாகப் பிரியும். துணிந்து வாங்கி, சொன்ன தொகையைப் போல் நாலு மடங்கு செலவழித்து, உண்மையிலேயே ஓட வைத்துவிடுபவர்கள் மிகக் குறைவு. அவர்கள் லிட்டருக்கு 40 மில்லி என்று டூ டி ஆயில் கலந்து ஊற்றி, சட்டைப்பையில் ஒரு பிளக்கும் பிளக் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் தெருவையே புகையாக்கிப் போவார்கள். பின்னால் உட்கார மனைவி சம்மதித்ததாகத் தகவல் இல்லை. இரண்டாம் வகையினர் வாங்கியதோடு சரி. என்ஜின் ஒரு பட்டறையில், டேங்க் பெயின்ட் கடையில், ஃப்ரேம் மொட்டை மாடியில், ஆர்சி எங்கே என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

பெரும்பான்மையினர் மூன்றாம் வகை. இவர்கள் வாங்குவதும் இல்லை, விடுவதும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்து குடும்ப நலம் விசாரித்து, கடைசியில் “அந்த வண்டி இருக்கில்ல?” என்று கேட்டுவிட்டு வைப்பார்கள். ஒரு வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து பதில் மாறும்: வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இடைஞ்சலாக இருந்தது, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், நான் வாங்கியிருப்பேனே” என்று இவர் பதறுவதில் பொய் கிடையாது. அதன்பின் யெஸ்டி பேச்சு எங்கே எழுந்தாலும் அந்த வண்டியைச் சொல்வார், அதற்குத் தான் கொடுக்கத் தயாராக இருந்த தொகையையும் சொல்வார். தொகை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருக்கும்.