சூட்டுக்கோலின் கொள்ளுப்பேரன்

ஈறு வீங்கிப் பல் ஆடினால் வாய்க்குள் எதையாவது காய்ச்சிச் சூடு வைத்துவிட வேண்டும் என்று வைத்தியர்களுக்கு ஆயிரம் வருஷமாகவே ஓர் அரிப்பு. கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயினின் கோர்தோபா பக்கம் இருந்த அல் ஸஹ்ராவி இதில் கைதேர்ந்தவர். நோயாளியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். பாசம் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது. பல்லின் மேல் ஒரு குழாயை வைத்து, அதற்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட வேண்டும். சூடு வேர்வரை இறங்கியதை நோயாளி உணர வேண்டுமாம். உணராமல் எங்கே போவான்! பிறகு ஆறுதலாக வாய் நிறைய உப்புத் தண்ணீர். இத்தனைக்கும் பல்லில் படியும் காரையைச் சுரண்ட 14 கருவிகளைப் படம் போட்டு விளக்கியவரும் அதே மனிதர்தான். ஆனால் சுரண்டுவதற்கு என்ன மவுசு? நெருப்பென்றால்தான் கூட்டம் கூடும்.

பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் கதை இன்னும் விசேஷம். 1685 வாக்கில் அவருடைய மேல்தாடையின் இடப்பக்கப் பற்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கின வேகத்தில் தாடை எலும்பும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. அண்ணத்தில் ஓட்டை. சூரிய மன்னர் எதைக் குடித்தாலும் மூக்கு வழியே கொட்டியது. வெர்சாய் தோட்டத்து நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம் அது. அரண்மனைக்குள்ளேயே ஒன்று தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஓட்டையை அடைக்க என்ன வழி? சூட்டுக்கோல்தான். 14 தடவை வைத்தார்கள். சூடு வாங்கிய ராஜாவைவிட, வைத்த துபுவா என்பவர்தான் அதிகம் களைத்துப்போனார் என்கிறது அரண்மனை வைத்தியரின் குறிப்பு. பின்னே? ராஜாவுக்கு வாய்தான் போகும்; கை தவறினால் துபுவாவுக்குத் தலையல்லவா போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு புத்திசாலி கிடைத்தார். பெயர் ஜான் ரிக்ஸ். 1844-ல் சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டு உட்கார்ந்த சக பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸின் பல்லைப் பிடுங்கியவர் இவர்தான். வலியில்லாமல் பல் பிடுங்க வழி கண்ட பெயர் மட்டும் வெல்ஸுக்குப் போனது. ஈறை அறுக்க வேண்டாம், அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கைச் சுரண்டி எடுங்கள் என்று ரிக்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்திய உலகம் நன்றி மறக்கவில்லை. சீழ் வடியும் அந்த நாற்றம் பிடித்த வியாதிக்கே ‘ரிக்ஸ் வியாதி’ என்று பெயர் சூட்டிக் கௌரவித்தது.

ஆனால் சூட்டுக்கோலுக்கு வாரிசு வராமல் இருக்குமா? 1960 மே 16 அன்று தியோடர் மைமன் கலிபோர்னியாவில் ரூபி லேசரை ஒளிரவைத்தார். கருவி வந்துவிட்டது, அதற்கு வேலைதான் இல்லை. வேலை தேடி அலைகிற ஆள் கடைசியில் நம் வாய்க்குள்தானே வந்து விழ வேண்டும்? சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மேன் என்ற தோல் டாக்டர், 1965-ல், கூடப்பிறந்த பெர்னார்டின் பல்லில் லேசரைப் பாய்ச்சினார். பெர்னார்ட் பல் டாக்டர். வலிக்கவே இல்லை என்றார். குடும்பத்துக்குள் வேறென்ன சொல்ல முடியும்? பிற்பாடு பல் வைத்தியத்துக்கென்றே ஒரு லேசரைக் கொண்டுவந்த டெர்ரி மையர்ஸும் பல் டாக்டர். கூட்டாளி அவருடைய சகோதரர் வில்லியம், கண் டாக்டர். கூடப்பிறந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் பல்லுக்குப் பாதுகாப்பில்லை போலிருக்கிறது.

இன்று கம்பிக்குப் பதில் மெல்லிய கண்ணாடி இழை; நெருப்புக்குப் பதில் 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்கே தெரியாத ஒளி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பையில் நுழைந்து, கெட்ட சதையைப் பொசுக்குகிறது. மரத்துப்போக ஊசி உண்டு என்பதால், லூயியைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தால் எவ்வளவு கூடுதல் பலன் என்று அமெரிக்க ஈறு மருத்துவ அகாடமியின் நிபுணர்கள் 2018-ல் பார்த்தார்கள். பையின் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

காரையோ இந்த ஒளிக்கு மசிவதில்லை. அதற்கு இன்றைக்கும் சுரண்டித்தான் ஆக வேண்டும். லேசர் என்றால் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் விசேஷக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். சுரண்டியை எடுக்கும்போது மட்டும், “வாயை நல்லாத் திறங்க சார்” என்பதோடு சரி.