சபை வளக்கப் பட்டம் வாங்கப் போறியாலே?

ஏலே மக்கா, இப்படித் திண்ணையில உக்காரு. சபை வளர்ச்சியில பட்டம் வாங்கப் போறியாமே? உங்கம்மை சொன்னா. நல்லது. எங்க காலத்துல சபை அது பாட்டுக்கு வளந்துச்சு. பட்டந்தான் ஒருத்தனுக்கும் கெடைக்கல.

கையில கேள்வித்தாள் கட்டு வேற. ஆராதனை நேரம் வசதியா இருக்கா? பாட்டுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க்? மேலத்தெருப் பாட்டிகிட்ட ஒண்ணு நீட்டினியே, அவ என்ன செஞ்சா? நாலா மடிச்சு வெத்தலைப் பையில சொருகிக்கிட்டா. சுண்ணாம்பு பொதியக் காயிதம் வேணுமில்லா?

இந்தப் படிப்பு எங்க பொறந்துச்சு தெரியுமா? அமெரிக்கான்னுதான சொல்லுவ. அங்க போய் சட்டை மாத்திக்கிட்டு வந்துச்சு, அவ்வளவுதான். டொனால்ட் மெக்காவ்ரன்னு ஒரு மிஷனரி. 1897-ல மத்திய இந்தியாவில தாமோங்கிற ஊர்ல பொறந்தவரு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு பாடுபட்ட எடத்துல சபை அப்படியே நிக்கி. வேற எடத்துல ஊரோட வந்து சேருதாவ. ஏன்னு யோசிச்சாரு. பிக்கெட்டுன்னு இன்னொருத்தர் இதப் பத்தி 1933-லயே புத்தகம் போட்டிருந்தாரு. மெக்காவ்ரன் 1955-ல ஒண்ணு எழுதினாரு. ஆளு ஒத்தையில வாரதில்ல, மாமன் மச்சான், சித்தி பெரியம்மைன்னு உறவு புடிச்சுத்தான் வாராவ. அதுதான் சங்கதி. 1965-ல கலிபோர்னியாவில புல்லர் செமினரியில இதுக்குன்னே ஒரு பள்ளி தொடங்கி, அவரையே தலைமையில வச்சாவ. மாமன் கூப்பிட்டா மருமகன் வருவாங்கிறதுக்குக் கடல் தாண்டணுமா? இருந்தாலும் மனுசன் கண்ணத் தொறந்து பாத்தாரு. அதுக்கு ஒரு கும்பிடு.

இன்னொண்ணும் சொன்னாரு. சாதி, பாஷை வேலியத் தாண்டச் சொல்லாம சேத்தா சபை சட்டுனு பெருகுமாம். இத எங்ககிட்டயா சொல்லணும்? வடக்கன்குளம் போய்ப் பாரு. 1870-கள்ல கட்டின கத்தோலிக்கக் கோயில். பீடம் ஒண்ணு. அதுலேருந்து ரெண்டு மண்டபம் பிரிஞ்சு போகுது. கால்சட்டைக் கோயில்னே பேரு. ஒரு காலுல வெள்ளாளமார், மறு காலுல நாடாக்கமார், நடுவுல சுவரு. ரெண்டு பேரும் ஒரே சாமியப் பாக்கலாம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டாம். எவ்வளவு வசதி! 1910-ல சாமியாருங்க சுவர இடிச்சாவ. நம்ம சனம் என்ன செஞ்சாவ? அல்லேலூயா சொன்னாவளா? கோர்ட்டுக்குல்லா போனாவ! மெட்ராஸ் ஐக்கோர்ட்டு வரைக்கும் போய்த் தோத்துட்டு வந்தாவ. உன் கேள்வித்தாள்ல சுவருக்கு ஒரு கட்டம் போட்டிருக்கியாலே?

சரி, உனக்குப் புடிச்ச அமெரிக்காவுக்கே வாரேன். சிக்காகோ பக்கம் வில்லோ கிரீக்னு ஒரு சபை. 1975-ல சினிமாக் கொட்டகையில தொடங்கினது. வீடு வீடாப் போய், ஏன் கோயிலுக்கு வாரதில்லன்னு கேட்டாவளாம். சலிப்பா இருக்கு, எப்பப் பாத்தாலும் காசு கேக்காவன்னு பதில் வந்துச்சு. நாடகம் போட்டாவ, பாட்டக் கூட்டினாவ. ஆயிரக்கணக்குல சனம் சேந்துச்சு. 2007-ல அவியளே ஒரு ஆய்வ வெளியிட்டாவ: நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஓடி வாரதுனால மட்டும் பக்தி கூடிரல. இதத் தெரிஞ்சுக்க முப்பது வருசத்துக்கு மேல! ஆனா ஒண்ணு, துணிஞ்சு வெளிய சொன்னாவ. நம்ம கமிட்டியா இருந்தா அந்தக் காயிதத்த பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவியயும் தொலைச்சிருப்பாவ.

கலிபோர்னியாவில ராபர்ட் ஷுல்லர்னு ஒரு ஐயர். 1955-ல காருக்குள்ள இருந்தே சினிமா பாக்குற மைதானத்துல ஆராதனை வச்சாரு. 1980-ல பத்தாயிரத்துக்கு மேல கண்ணாடி பதிச்சு மாளிகை கணக்கா கோயில் எழும்புச்சு. 2010-ல திவாலு. கத்தோலிக்கர் வெலைக்கு வாங்கிட்டாவ. கண்ணாடி தொடைக்குற கூலிய யாரு கணக்குல எழுதினாவளோ.

நம்ம சீமைக் கதை வேற. தாது வருசப் பஞ்சம், 1877 வாக்குல. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில இருந்த காலம். அந்தப் பஞ்சத்த ஒட்டி சனம் ஆயிரக்கணக்குல சபையில சேந்துச்சு. கஞ்சிக்குச் சேந்த பயலுவன்னு கேலி பேசினவிய உண்டு. கேலி பேசினவன் எத்தனை பேருக்குக் கஞ்சி ஊத்தினான்னு மட்டும் எவனும் எழுதி வைக்கல.

ஆய்வு செய்யணுமா? செய்யி. ஞாயித்துக்கெழம முதல் மணிக்கே வாசல்ல போய் நில்லு. புதுசா ஒருத்தன் வந்தா, யாரு பின்னால வாரான்னு பாரு. எழவு வீட்டுக்குப் போ. பெஞ்சு தூக்குதது யாரு, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கது யாரு? அசனத்துல பந்தியில எவன் பக்கத்துல எவன் உக்காருதான்? ஓரத்துல தனியா நிக்கவன் எந்தத் தெருக்காரன்? கேள்வி ஒண்ணும் கேக்காத. கேட்டா எல்லாரும் பரிசுத்தவானாயிருவாவ.

என்ன முழிக்க? கோயிலுக்குப் பெரிய எல்இடி திரை வேணும்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்தது நீதானா? அது சரி. அதுக்குத்தான் தலைக்கு ஆயிரம் ரூவா வரி போட்டிருக்காவ. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல மக்கா, என் வரியயும் நீயே கட்டிரு.