இடுப்புவலியும் இரண்டு கட்சிகளும்

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், இடுப்புக்கென்று ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. மேலுடம்பின் பாரத்தைச் சுமப்பது, குனிவது, நிமிர்வது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அங்கே தோன்றும் வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட இடுப்புவலி என்பார்கள். வீட்டார் மூன்றாம் நாளே அலுத்துவிடுவார்கள்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஸ்கேனில் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று வந்துவிட்டால் நோயாளிக்கு உள்ளூர ஒரு பெருமிதம். கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்துவிட்டதே! இடுப்பு வலி என்றால் என்னவென்றே தெரியாத பல நடுவயதுக்காரர்களின் ஸ்கேனிலும் அதே தேய்மானம் இருக்கும் என்பதை அவரிடம் சொல்லி யாரும் மனத்தைப் புண்படுத்துவதில்லை.

காரணம் பிடிபடாத நோய்க்கு வைத்தியர்கள் அதிகம். உலக்கையை உருட்டிச் சுளுக்கெடுப்பது ஒரு வழி. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் காலால் மிதிப்பது இன்னொன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் உலக்கையும் அகப்படாது. அந்தத் தாய்க்கும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே நேரம் போதாது. ஆகவே நோயாளி பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்ச் சேருகிறார்.

அங்கும் இரண்டு கட்சிகள் உண்டு. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் பால் வில்லியம்ஸ் 1937இல் ‘குனி’ என்றார். மனிதன் நிமிர்ந்து நிற்கத் துணிந்ததற்குக் கொடுக்கும் தண்டம்தான் இடுப்புவலி என்பது அவர் கருத்து. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், காலுக்கு இறங்கிய வலியோடு வந்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காகத் தூக்கி வைத்தபடியே இருந்தது. வந்தவர் அதன்மேலேயே படுத்துப் பின்னுக்கு வளைந்து கிடந்தார். மெக்கென்சி உள்ளே வந்து பார்த்துப் பதறினால், ‘சில வாரங்களாக இவ்வளவு சுகமாக இருந்ததில்லை’ என்கிறார் அவர். கால்வலி போய்விட்டிருந்தது. அன்று பிறந்தது ‘பின்னுக்கு வளை’ கட்சி. ஒரு கட்டிலைச் சரிசெய்ய மறந்ததால் உண்டான மருத்துவமுறை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டு கட்சியிலும் உண்மை உண்டு. நடந்தால் வலித்து, உட்கார்ந்து குனிந்தால் சுகம் காண்பவர்களுக்கு வில்லியம்ஸ் பொருந்துவார். தண்டுவடப் பாதை குறுகிய முதியோர் பலர் இந்த வகை. உட்கார்ந்தால் வலி, எழுந்து நடந்தால் தேவலை என்பவர்களுக்குப் பெரும்பாலும் மெக்கென்சி. காலுக்கு இறங்கியிருந்த வலி, பயிற்சி செய்யும்போது இடுப்புப் பக்கமாகத் திரும்பினால் நல்ல அறிகுறி. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வில்லியம்ஸ் வகைப் பயிற்சிக்கு மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலைக் கைகளால் பிடித்து மார்பை நோக்கி இழுக்க வேண்டும். முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே தொப்பை குறுக்கிடும். தொப்பை வரைக்கும் வந்தால் போதும். மெக்கென்சி வகைக்குக் குப்புறப் படுத்து, இடுப்பு தரையிலேயே இருக்க, கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்த வேண்டும். புஜங்காசனத்துக்குப் பங்காளி முறை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகைப் பூனைபோல் மேலே வளைத்துப் பிறகு கீழே தொய்யவிடுவது இரு கட்சிக்கும் பொது. தொடையின் பின்தசை இறுகியவர்கள், மல்லாந்தபடி பாதத்தில் ஒரு துண்டை மாட்டிக் காலை நேராகத் தூக்கி இழுக்கலாம்.

முழங்காலை இழுக்கும் பயிற்சியையும் துண்டுப் பயிற்சியையும் 15 முதல் 30 விநாடி நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று நிதானமாகத் தொடங்குபவர் எட்டைத் தாண்டியதும் ஏலக்காரராகிவிடுவார். அதனால் எண்ணும் வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. மனைவி எண்ணினால் 30 விநாடிக்குக் குறையாது. இழுப்பு தெரியவேண்டும், குத்தும் வலி கூடாது. மெத்தை உதவாது, பாய்தான் சரி. முடிந்ததும் ஒருக்களித்துக் கையை ஊன்றி எழவேண்டும். வடிவேலுவைப் போல் நேராக எழ முயன்று ‘ஆ’ என்று கத்தினால் அதுவரை செய்தது வீண்.

எந்தக் கட்சியின் பயிற்சி எல்லோருக்கும் உகந்தது என்று இதுவரை முடிவாகவில்லை. நிவாரணம் மிதமானதுதான், அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்தால். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நாள்முழுக்கப் படுத்துக் கிடப்பதும் பலன் தராது.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ பாயை விரிக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.