அஞ்சு நிமிசக் கறி

வாடா பேராண்டி, உக்காரு. அஞ்சே நிமிசத்துல வாழைக்காய்க் கறி பண்ணிட்டேன்னு தெரு முச்சூடும் சொல்லிக்கிட்டு வர்றியாமே. மேட்டூர்ல தொறந்த தண்ணி கல்லணையைத் தாண்டி நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர நாள்கணக்காவுது. நீ காவேரியையே முந்திட்டே. மெச்சுறேன்.

கணக்குதான் கொஞ்சம் இடிக்குது. திருவையாத்துப் படுகைக் காய், கையெல்லாம் பிசின் ஒட்டும். எண்ணெயைத் தடவிக்கிட்டுத் தோலைச் சீவி, கறுக்காம இருக்க மோர்த்தண்ணியில நறுக்கிப் போட்டது யாரு? உங்க அத்தை. கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, வத்தமிளகாய் வறுத்துப் பொடிச்சது? அவதான். தேங்கா துருவினது? நீ பொத்தானை அமுக்கினே, அதையும் நான் மறைக்கல.

அந்த மைக்ரோவேவ் பெட்டி மேல எனக்குக் கோவம் இல்ல. அமெரிக்காவுல சண்டைக்கு ரேடார் சாமான் செஞ்ச ரேத்தியான் கம்பெனியில, பெர்சி ஸ்பென்சர்னு ஒரு ஆளு. 1945 வாக்குல சட்டைப்பையில கெடந்த மிட்டாய் இளகிப் போனதைப் பாத்துத்தான் இந்த யோசனை வந்துதுன்னு சொல்லுவாங்க. 1947ல மொதல்ல விக்க வந்த பெட்டி ஆள் உசரம், எடை 340 கிலோ. அஞ்சாறு நெல்லு மூட்டை! அதை எந்த மருமவ சீராக் கொண்டாருவா?

உள்ள பாயுற அலை செகண்டுக்கு 245 கோடி தடவை ஆடுதாம். காயில இருக்குற தண்ணியும் கூடச் சேந்து ஆடித்தான் சூடேறுது. அலையோட நீளம் 12 சென்டிமீட்டர், நம்ம கணக்குல அரைச் சாண். அதனால ஒரு எடம் கொதிக்கும், பக்கத்து எடம் பச்சையா நிக்கும். தட்டு சுத்துறது அதுக்குத்தான், வேடிக்கை காட்ட இல்ல. அது சுத்தினாலும் பாதியில ஒரு தடவை எடுத்துக் கிளறி விடு.

ரெண்டு காய்க்குக் கால் டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி. கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு, ஆவி போக வழி விட்டு மூடு. அஞ்சாறு நிமிசம். மணியடிச்ச ஒடனே பாஞ்சு எடுக்காதே, ரெண்டு நிமிசம் சூடு உள்ள எறங்கட்டும். உப்பு பெறவு. பாட்டியோட கும்பகோணத்துப் பித்தளைக் கிண்ணத்தை மட்டும் உள்ள வச்சுடாதே. தீபாவளிக்கு இன்னும் நாளு இருக்கு.

தாளிக்க அடுப்படிக்கு வந்தாவணும். கடுகுல ஈரம் கொஞ்சம், எண்ணெயும் அந்த அலைக்கு லேசுல மசியாது. பெட்டிக்குள்ள கடுகு வெடிக்கும்னு காத்துக்கிட்டு நின்னா சோறு ஆறிடும். இரும்புக் கரண்டியக் காயவச்சு, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கருவேப்பிலை. காயில கொட்டி, பொடியையும் தேங்காயையும் தூவிப் பெரட்டு. பொடி போட்ட கறிக்குத் தஞ்சாவூர்ல பேரு வந்தது சும்மாவா?

அடுத்த தடவை அத்தையத் திண்ணையில உக்கார வச்சுட்டு அருவாமனைய நீ எடு. கடியாரத்தையும் அங்கேருந்தே ஓட விடு. நான் ஏன் நறுக்கலங்கிறியா? முட்டி மடங்க மாட்டேங்குதுப்பா. எலை போட்டா மட்டும் எப்படி மடங்குதுன்னு கேக்காதே, அது வேற முட்டி.

முறைக்காம போ. எனக்கு எண்ணெய் ஆவாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. ரெண்டு உளுந்தப்பளத்தை அந்தப் பெட்டிக்குள்ள ஒரு நிமிசம் காட்டி எடுத்தா.