மூணு போனுக்கு ஒரே தட்டு

(இடம்: கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப்ஸ். மாமா, சுரங்கத்தின் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவர். மாப்பிள்ளை, தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வரும் எஞ்சினியர்.)

மாப்பிள்ளை: வயரே வேணாம் மாமா. மூணு போனையும் இந்தத் தட்டு மேல வையுங்க, தானா சார்ஜ் ஏறும்.

மாமா: வெச்சு ஒரு மணி நேரமாச்சு. உன்னுது நிறைஞ்சுபோச்சு, என்னுது அசையவே இல்ல. உன் தட்டுக்கு என் மேல என்ன கோவம்?

மாப்பிள்ளை: கோவமில்ல, இம்பீடன்ஸ் மேட்சிங் பிரச்சினை. என் போன் தட்டுக்குள்ள இருக்கற காயிலுக்கு நேரா இருக்கு, உங்களுது ஓரம். காயிலுக்கும் காயிலுக்கும் பிணைப்பு பாதியாச்சுன்னா, உங்க போன் தட்டுக்குக் காட்டுற சுமை கால்வாசி ஆயிடும். பவர் எம்பக்கமே சாயும்.

மாமா: அப்ப மேட்ச் பண்ணித் தொலையேன்.

மாப்பிள்ளை: குடுக்கற பக்கமும் வாங்கற பக்கமும் இம்பீடன்ஸ், அதாவது தடை, சமமா இருந்தா அதிகபட்ச பவர் போகும்.

மாமா: போகும். மீதிப் பாதி குடுக்கற பக்கமே சூடாப் போகும்! 1902-ல சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்துலேர்ந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்க கரண்ட் கொண்டாந்தாங்க. பாதி வீணாப் போனா சுரங்கத்தை நடத்துன ஜான் டெய்லர் கம்பெனி துரைங்க சும்மா விடுவாங்களா? வோல்ட்டை 30,000-க்கு மேல ஏத்தி, கரண்டைக் குறைச்சு அனுப்பினாங்க.

மாப்பிள்ளை: அது பழைய கம்பி மாமா! 2007-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில வயரில்லாம ரெண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பையே எரிச்சாங்க.

மாமா: எத்தனை பங்கு போய்ச் சேர்ந்துச்சு?

மாப்பிள்ளை: சுமார்... 40 சதவீதம்.

மாமா: ரெண்டு மீட்டருக்கு! சரி, என் போனுக்கு வழி?

மாப்பிள்ளை: போனுக்குப் போன் தனி மேட்சிங் சர்க்யூட் வேணும். நேரா இருக்கற போன் தன் சுமையைக் குறைச்சுக் காட்டினா, தட்டுல கரண்ட் கூடும், ஓரத்துப் போனுக்கும் பங்கு வரும். இல்லாட்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏத்தணும்.

மாமா: ஷிஃப்ட்டு! அதை நாங்க பூமிக்கடியிலயே பார்த்தாச்சு. சிவசமுத்திரத்துக் கரண்ட் முதல்ல நமக்குத்தான் வந்துச்சு, பெங்களூருக்கு 1905-லதான். அப்ப காயிலுக்கு நேரா இருந்தது நாம. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடி நம்மள ஓரத்துல தள்ளிட்டாங்க.

மாப்பிள்ளை: அதுக்கும் இந்தத் தட்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?

மாமா: நேரா இருக்கறவன்தான் குறைச்சுக்கணும்னு நீதானே சொன்னே? நாளைக்குப் போனதும் அதை பெங்களூர்க்காரங்ககிட்ட சொல்லு. அப்படியே வரும்போது எனக்கொரு சார்ஜர் வயர் வாங்கிட்டு வா.