துருப்பூதத்துக்காக ஒரு வக்காலத்து

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம் அந்த ஆட்டத்துப் பூதங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் பத்து நிமிடம் மரியாதையாகப் போகும். டிராகன், வாம்பயர், மெடூசா என்று கௌரவமான குடும்பப் பெயர்களாக வரும். அப்புறம் யாராவது ஒருவர், இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்கிற ரஸ்ட் மான்ஸ்டரை நினைவுபடுத்துவார். இன்னொருவர் ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக அலைகிற அவுல்பேரை இழுத்து வருவார். சபை சிரிப்பில் கலைந்துவிடும். இதையெல்லாம் எவன் யோசித்தான், யோசிக்கும்போது நிதானத்தில் இருந்தானா என்று கேட்பது சம்பிரதாயம். என் கட்சி வேறு. அந்த ஆட்டத்தில் சொந்தச் சரக்கு என்று ஏதாவது இருந்தால் அது இந்தக் கோமாளிக் கூட்டம்தான். டிராகன் ஊரில் எல்லாருக்கும் பொது. ஐரோப்பியக் கிழவிகள் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பெரிய மூளை வேண்டாம். துருவைத் தின்கிற பூச்சியை யோசிக்கத்தான் மூளை வேண்டும். அதுவும் ஆடுகிறவனின் மனசை நன்றாகப் படித்த மூளை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று வேடம் கட்டிக்கொண்டு, வாயால் சொல்லியும் பகடை உருட்டியும் ஒரு பாதாளச் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து 1974-ல் வெளிவந்த ஆட்டம் இது. பழைய விதிகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தங்கக் காசை மேலே கொண்டுவந்து சேர்த்தால் ஒரு அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்றாலும் புள்ளி உண்டு, ஆனால் அது சில்லறை. வீரன் வளர்வது பெரும்பாலும் பணத்தால்தான். ஆக, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் காவிய நாயகர்கள் அல்லர், சட்டபூர்வமாகப் பேராசைக்காரர்களாக்கப்பட்ட கொள்ளைக் கோஷ்டி. கொள்ளைக்காரனுக்குச் சில வாரங்களில் பழக்கம் படிந்துவிடுகிறது. பெட்டியைக் கண்டால் திறப்பான், கதவைக் கண்டால் ஒட்டுக்கேட்பான், தரையைத் தட்டிப் பார்ப்பான், புரியாததை எரிப்பான், எரியாததை வெட்டுவான். இந்தப் பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம் பிறந்தது என்பதே என் வாதம்.

சாட்சிகளில் முதலில் ஜெலாட்டினஸ் க்யூபை அழைக்கிறேன். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரத்தில் ஒரு கடற்பாசி ஜெல்லி. கண் இல்லை, வாய் இல்லை, பகை இல்லை, கொள்கை இல்லை. சுரங்கத்து வழிகளில் மெதுவாக நகர்ந்துகொண்டே, அகப்பட்டதையெல்லாம் உள்ளே இழுத்துச் செரித்துவிடும். தொட்டவனுக்குக் கைகால் மரத்துப்போகும். உலோகமும் ரத்தினமும் செரிக்காததால், முன்பு போனவர்களின் காசுகள் அதன் வயிற்றுக்குள் மிதந்துகொண்டிருக்கும். உடம்பு கண்ணாடிபோல இருப்பதால் தூரத்தில் வரும் கோஷ்டிக்குத் தெரிவது அந்தரத்தில் தொங்கும் தங்கம் மட்டும்தான். மற்றதைப் பேராசை பார்த்துக்கொள்ளும். ஆனால் அது ஏன் கச்சிதமாகப் பத்தடி? சுரங்கத்தின் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில்தான் வரைவார்கள். ஒரு கட்டம் என்பது பத்தடி. நடைவழியும் பத்தடி அகலம். வரைபடத்துக் கட்டம் ஒன்றுக்கு உயிர் வந்து, பசியும் வந்து, எதிரே நகர்ந்து வருகிறது. எந்த நாட்டுப் புராணத்திலும் இப்படியொரு பிறவி இருக்க முடியாது, ஏனென்றால் புராணங்களைக் கணக்கு நோட்டுத் தாளில் யாரும் எழுதவில்லை. கூடுதலாக ஒரு உபகாரமும் உண்டு. இத்தனை பிணம் விழுகிற சுரங்கத்தின் நடைவழிகள் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கின்றன என்று யாராவது கேட்டால், துப்புரவுப் பணியாளரைக் காட்டிவிடலாம்.

1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற பூதக் கையேட்டைப் புரட்டினால் இதே குலத்தார் வரிசையாக நிற்கிறார்கள். புதையல் பெட்டி போலவே உருமாறி உட்கார்ந்திருக்கும் மிமிக். கைவைத்தால் கை ஒட்டிக்கொள்ளும், பிறகு பெட்டி அடிக்கத் தொடங்கும். கூரையாகவே பரந்து படுத்திருந்து மேலே விழுகிற லர்க்கர் அபவ். தரையாக விரிந்து கிடந்து, நடுவில் வந்து நின்றவரைச் சுருட்டிக்கொள்ளும் டிராப்பர். கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்பு மாதிரியே தொங்கி, கீழே தலை வந்ததும் குத்தாகப் பாயும் பியர்சர். குறி தப்பினால் அதற்கு வேறு வழி கிடையாது. மெதுவாக ஊர்ந்து மறுபடி மேலே ஏற வேண்டும். இவ்வளவு பரிதாபமான போர்த்தந்திரம் உயிரியலில் எங்கும் இருக்காது. இந்தக் கூட்டத்தில் நான் மிகவும் மதிப்பது காதுக்குள் முட்டையிடும் சின்னஞ்சிறு இயர் சீக்கரை. மரக்கதவில் குடியிருக்கும். திருடன் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டால் உள்ளே நுழைந்துவிடும். ஒரு உயிரினம் தன் இனப்பெருக்கத்தையே ஒட்டுக்கேட்பவர்களை நம்பி அமைத்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்தச் சுரங்கத்தில் ஒட்டுக்கேட்பு எவ்வளவு பெருகியிருக்க வேண்டும்! பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படும் காரியத்தை, எரிச்சலடைந்த ஆட்ட நடத்துநர் ஒருவர் ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறார்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் வரும். ரஸ்ட் மான்ஸ்டரும் அவுல்பேரும், நிலத்துக்கடியில் சுறாபோல் நீந்தி வரும் புலெட்டும் எந்த யோசனையிலும் பிறக்கவில்லை. மலிவு விலைக் கடையில் பை ஒன்றில் போட்டு விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை. உண்மைதான். வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பெயரில் விற்ற அந்தப் பொம்மைகள் எந்த வரலாற்றுக்கும் முந்தையவை அல்ல, அச்சு வார்த்தவரின் கற்பனைக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. கைகாக்ஸ் அவற்றை வாங்கி ஆட்ட மேசையில் நிறுத்தினார். ஆனால் பொம்மை கொடுத்தது உருவத்தை மட்டும். நாலு கால், முன்னால் இரண்டு உணர்கொம்பு, வாலில் மின்விசிறி இறக்கை மாதிரி ஒன்று. இதைப் பார்த்தால் துரு ஞாபகம் யாருக்கு வரும்? அதே நேரத்தில் மேசையின் மறுபக்கத்தைப் பாருங்கள். இரும்புக் கவசம் பூண்ட வீரன், அடி விழுந்தாலும் அசராமல் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் உயிர் ஏராளமாக இருக்கிறது. உயிரை எடுப்பதாகச் சொன்னால் பயப்பட மாட்டான். கவசத்தையும் வாளையும் எடுப்பதாகச் சொன்னால்? பழைய விதிகளில் ரஸ்ட் மான்ஸ்டர் யாரையும் கடிப்பதில்லை. கொம்பால் ஆசையாக ஒரு தடவை தடவும், அவ்வளவுதான். கவசம் பொடிப்பொடியாக உதிரும், அது உட்கார்ந்து சாப்பிடும். டிராகன் முன்னால் மார்தட்டிய வீரன் இதைக் கண்டதும் ஓட, கையில் மரத்தடி மட்டும் வைத்திருக்கும் மந்திரவாதி முன்னால் வந்து நிற்கிறார். மனிதன் உயிரைவிடச் சொத்துக்கு அதிகம் பயப்படுகிறான் என்பதை நாலு கால் பொம்மை ஒன்றை வைத்து நிரூபித்த பெருமை லேக் ஜெனீவாவுக்குச் சேரும்.

சரி, இது வெறும் குரூரம்தானே, ஆட்டக்காரர்களை மாட்டிவைக்க நடத்துநர் செய்கிற வஞ்சகம்தானே என்று கேட்கலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன். இயர் சீக்கர் விஷயத்தில் கொஞ்சம் பழிவாங்கும் வாடை அடிக்கிறது. ஆனால் வஞ்சகத்துக்கும் புதிருக்கும் வித்தியாசம் உண்டு: புதிருக்கு விடை இருக்கும். டிராகனை வெல்ல நல்ல வாள் வேண்டும், நிறைய உயிர் வேண்டும், பகடையில் அதிர்ஷ்டம் வேண்டும். இந்த விசித்திரங்களை வெல்லப் பழக்கத்தை விட்டால் போதும். பிரவுன் மோல்டு என்ற பூஞ்சை சூட்டைத் தின்று வளர்வது. தீப்பந்தத்தை நீட்டினால் மலர்ந்து பரவும், குளிருக்கு அடங்கும். பிளாக் புட்டிங்கை வெட்டினால் இரண்டாகும், எரித்தால் சாகும். 1981-ல் வந்த ஃபீண்ட் ஃபோலியோ என்ற இன்னொரு பூத நூலில் நில்பாக் என்றொரு குள்ளப் பூதம் இருக்கிறது. அடித்தால் அதற்கு உயிர் கூடும். காயத்தை ஆற்றும் மருந்தைக் கொடுத்தால்தான் தேய்ந்து சாகும். அதாவது அதைக் கொல்ல நினைப்பவன் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். வாளைத் தவிர வேறெதையும் யோசிக்காத ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையும் இல்லை, நல்ல பாடமும் இல்லை.

நம் ஊர் ஆள் ஒருவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார், அவரை விட்டுவிட முடியாது. 1977 மான்ஸ்டர் மேனுவலில் ராக்ஷசா என்று ஒரு பதிவு. பத்துத் தலை, இருபது கை, கோரைப்பல் என்று எதிர்பார்த்துப் போகிறவருக்குப் படத்தில் காட்சியளிப்பது புலித்தலையோடு, அங்கி அணிந்து, புகைக்குழாயைப் பிடித்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கனவான். பூசாரி ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் ஆள் அவுட். ராவணன் மேல் அஸ்திரம் அஸ்திரமாக ராமன் விட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த அம்பு எந்த ராமாயணத்திலும் கிடையாது. கோல்சாக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1974-ல் வந்த ஒரு ராட்சசன் கதையில் இருக்கிறது. அதில் அவன், எதிரே நிற்பவர் முழுதாக நம்புகிற ஒருவரின் வடிவில் வருவான். மேனுவல் ராக்ஷசாவும் அப்படியே. கோபிப்பதற்கு முன் யோசித்தால், மாயமானையும் சந்நியாசி வேடத்தையும் அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியம் அல்ல என்பது விளங்கும். ஆட்டத்திலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பாதாளத்தில் எதிர்ப்படும் சிரித்த முகத்துக்காரர் வழி சொன்னால் அப்படியே பின்னால் போகிற பழக்கம் கோஷ்டிக்கு உண்டு. இரவல் வாங்கி வந்த பூதத்தைக்கூட ஒரு பழக்கத்துக்கு எதிராகத் தீட்டிய பிறகுதான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சியின் கடைசித் துருப்பு ஃப்ளம்ஃப். ஃபீண்ட் ஃபோலியோ பெரும்பாலும் பிரிட்டிஷ் பத்திரிகையான ஒயிட் டுவார்ஃபுக்கு வாசகர்கள் எழுதி அனுப்பிய பூதங்களின் தொகுப்பு. அதனால் தரத்தில் ஏற்ற இறக்கம் சகஜம். ஃப்ளம்ஃப் காற்றில் மிதக்கிற ஒரு வெளிர்நிறத் தட்டு, கீழே தொங்கும் குஞ்சங்கள், மேலே இரண்டு கண். குப்புறக் கவிழ்த்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். இதெல்லாம் போக, சுபாவத்தில் பரம சாது. தர்மமும் நியாயமும் அறிந்த நல்ல பிறவி. இதைவிடக் கேலிக்குரியது அந்த நூலில் இல்லை என்பது பலர் தீர்ப்பு. நான் மாறுபடுகிறேன். விசித்திரமாக எது தெரிந்தாலும் முதலில் வெட்டு, பிறகு பேசு என்பதுதான் கோஷ்டியின் ஆணிவேரான பழக்கம். அதன் முன்னால் அருவருப்பான ஒரு நல்லவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், வெட்டியவன் கொலைகாரனாகிறான். உருவாக்கியவர்கள் இவ்வளவு யோசித்தார்களா என்று கேட்டால் என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் மேசையில் அது செய்கிற வேலை இதுதான். தண்டாயுதங்களையே கைகளாகச் சுழற்றும் ஃப்ளெயில் ஸ்னெயில் என்ற நத்தைக்காகவும் வாதாடச் சொன்னால், அதன் ஓடு மந்திரத்தைத் திருப்பிவிடும் என்று முனகிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எல்லா வக்கீலுக்கும் ஒரு தோற்கிற கேஸ் உண்டு.

சொந்தச் சரக்கு என்று நான் சொன்னதற்கு, நிஜ வக்கீல்களே சாட்சி. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர்கள் ஆட்சேபித்ததும் ஆட்டத்திலிருந்த ஹாபிட்டுகள் ஹாஃப்லிங்காகப் பெயர் மாற வேண்டியதாயிற்று. இரவல் நகைக்குக் கழுத்தில் நிரந்தரம் இல்லை. 2000-த்தில் ஆட்ட விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமத்தோடு திறந்துவிட்டபோது, டிராகனையும் வாம்பயரையும் தாராளமாக விட்டுக்கொடுத்த ஆட்டத்தின் நிறுவனம், பதினொரு கண்ணோடு மிதக்கும் பிஹோல்டர், மூளை தின்னும் மைண்ட் ஃபிளேயர் போன்ற சில பூதங்களை மட்டும் தன்னுடையவை என்று பூட்டி வைத்துக்கொண்டது. ஜெலாட்டினஸ் க்யூபையும் ரஸ்ட் மான்ஸ்டரையும் கூடவே பூட்டாதது வக்கீல்களுக்கு ரசனை போதாது என்பதற்கு அத்தாட்சி. சினிமாக்காரர்கள் ஏமாறவில்லை: 2023-ல் வந்த திரைப்படத்தில் அவுல்பேர், மிமிக், க்யூப், ரஸ்ட் மான்ஸ்டர் எல்லாம் தலைகாட்டின. கடிக்கிற புதையல் பெட்டியோ டிராகன் குவெஸ்ட், டார்க் சோல்ஸ் என்று வீடியோ கேம் உலகம் முழுக்கக் குடியேறிவிட்டது.

பழக்கத்துக்கு எதிராகப் பூதம் என்ற கணக்கு சரியா என்று சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது: பழக்கம் மறைந்தால் பூதமும் மறைய வேண்டும். தங்கத்துக்குப் புள்ளி என்ற விதி என்றைக்கோ கைவிடப்பட்டது, ஆனாலும் பெட்டியைக் கண்டால் கை பரபரப்பது நிற்கவில்லை. 2014-ன் ஐந்தாம் பதிப்பு மான்ஸ்டர் மேனுவலில் மிமிக் இருக்கிறது. க்யூப், ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், பியர்சர் எல்லாரும் இருக்கிறார்கள். ஃப்ளம்ஃப்கூட இருக்கிறது. இயர் சீக்கர் இல்லை. இப்போது யாரும் கதவில் காதை வைப்பதாக மெனக்கெட்டுச் சொல்வதில்லை. புலன் சோதனை என்று ஒரு பகடையை உருட்டிவிட்டு, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுவிடுகிறார்கள்.